தட்டுக்குச் சொந்தக்காரர்கள்

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சத்தியநாதன் வீடு கட்டிக் குடியிருந்தார். கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மனைவி தபீதாள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் கிருபா. மாதச் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம். அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் இல்லாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது என்றால், அது முன்னறையில் நின்ற கண்ணாடி பீரோவும் அதற்குள் அடுக்கியிருந்த பழைய இங்கிலீஷ் பீங்கான் தட்டுகளும்தான்.

அந்தப் பித்து ஒரு கிறிஸ்துமஸ் தேநீரில் பிடித்தது. 1960ஆம் வருடம். கல்லூரி வளாகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சத்தியநாதன் கேக்கைத் தின்று முடித்தபோது துணுக்குகளுக்கு அடியில் கருநீலம் தெரிந்தது. விரலால் ஒதுக்கிப் பார்த்தார். நீலத்தைச் சுற்றிச் செங்கல் சிவப்பில் இதழ் இதழாக ஒரு பூ. ஓரமெல்லாம் தங்கம். நீலம் கோபால்ட், சிவப்பு இரும்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நீலம் மேல்பூச்சுக்கு அடியில் இருந்தது. சிவப்பும் தங்கமும் மேலே. அப்படியானால் இந்தத் தட்டு எத்தனை தடவை சூளைக்குள் போய் வந்திருக்கும்!

அவர் கேட்டதும் பேராசிரியரின் மனைவிக்கு ஒரே சந்தோஷம். டெர்பி என்ற ஊரில் செய்தது, நூற்றைம்பது வருடம் இருக்கும் என்றாள். ஜப்பானில் இமாரி என்ற துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த பீங்கான்களைப் பார்த்து இங்கிலீஷ்காரர்கள் வரைந்ததாம். வரைந்தவர்கள் யாரும் ஜப்பானைப் பார்த்தவர்கள் இல்லையாம். தட்டைக் கவிழ்த்து, அடியில் சிவப்பு மையில் இருந்த அடையாளத்தையும் காட்டினாள். ஒரு கிரீடம், குறுக்கே இரண்டு கோல், கீழே 'டி' என்ற எழுத்து. சத்தியநாதன் வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த பத்து வருடமும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டிருந்தன. பரங்கிமலையில், பல்லாவரத்தில், பெரம்பூரில் வாசலில் சாமான் கட்டுகிற தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தால் உள்ளே சாமான்களை விற்கிறார்கள் என்று அர்த்தம். சேதி காதில் விழுந்தால் சத்தியநாதன் சனிக்கிழமை மின்சார ரயிலைப் பிடித்துவிடுவார். தபீதாளையும் கூட்டிக்கொண்டு போவார். தனி ஆண் போய்க் கதவைத் தட்டினால் யோசிப்பார்கள்; தபீதாள் சிரித்தால் கதவு திறந்துவிடும்.

உள்ளே போனதும் இருவரும் பிரிந்துவிடுவார்கள். அவர் தட்டுகளைக் கவிழ்த்து அந்த டெர்பி அடையாளத்தைத் தேடுவார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்பார். விரல் நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். தபீதாள் அந்த வீட்டுப் பெண்களோடு சமையலறையில் உட்கார்ந்திருப்பாள்.

பல்லாவரத்தில் ஒரு என்ஜின் டிரைவரின் விதவையிடம் சூப் தட்டுகள் கிடைத்தன. திரும்பும்போது ரயிலில் அவற்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா அழுதாங்க," என்றாள் தபீதாள்.

"ம்."

"அவங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த தட்டாம். கப்பல்ல கொண்டு போனா உடைஞ்சிடும்னுதான் குடுக்கிறாங்க. மனசே இல்ல."

"நம்மகிட்ட பத்திரமா இருக்கும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். எப்ப வந்து கேட்டாலும் திருப்பிக் குடுக்கிறோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சத்தியநாதன் சிரித்துவிட்டார். "தட்டு கேட்டு ஆஸ்திரேலியாவிலேர்ந்து யாராவது வருவாங்களா?"

குரோம்பேட்டை ஸ்டேஷன் வந்து போனது.

பீரோ நிறைந்தது. சாப்பாட்டுத் தட்டுகள், சூப் தட்டுகள், கைப்பிடி ஒட்டவைத்த ஒரு குழம்புக் கிண்ணம், கோப்பைகள். யாரும் அவற்றில் சாப்பிட்டது கிடையாது. கிருபாவை நாக்பூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, "இன்னைக்கு மட்டும் அதுல பரிமாறலாமே," என்று தபீதாள் கேட்டாள். தங்கம் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை தட்டுகளைக் கழுவி வெயில் படாமல் காயவைக்கிற வேலை மட்டும் அவளுடையது. அவள் கையிலிருந்து ஒன்றுகூட நழுவியதில்லை.

1971இல் அவளுடைய மறதி பள்ளிக்கூடத்தில்தான் முதலில் தெரிந்தது. வருகைப் பதிவேட்டைப் படித்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு மறுபடியும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பயந்துபோய் அழுதார்கள். தலைமையாசிரியை ஞானசௌந்தரி வீட்டுக்கே வந்து, காப்பியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நீண்ட விடுப்பு போடச் சொன்னார். அந்த விடுப்பு முடியவே இல்லை.

பட்டணத்துப் பெரிய டாக்டர் தபீதாளிடம் பிரதமர் பெயரைக் கேட்டார்; அவள் பெயரைக் கேட்டார்; நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். வெளியே வந்து சத்தியநாதனிடம், "மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கிட்டு வருது. சில பேருக்கு இப்படி முன்னாடியே வந்துடும். டானிக் எழுதித் தரேன்," என்றார்.

"டானிக் சாப்பிட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"இல்ல சார். சும்மா அனுப்பக் கூடாதேன்னு எழுதறேன்."

அந்த நேர்மையை வைத்துக்கொண்டு சத்தியநாதன் என்ன செய்வார்? டானிக்கை வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

பகலில் அவர் கல்லூரிக்குப் போகும்போது பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். தபீதாள் எங்கேயும் ஓடவில்லை, எதையும் கொளுத்தவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே போனால் சமாளித்துவிடலாம் என்று அவர் நினைத்தார்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது கேட்டுக்கு வெளியே கீரைக்காரி சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள். கூடையில், முளைக்கீரைக் கட்டுகளின் மேல், கருநீலமும் சிவப்பும் தங்கமுமாக ஒரு சூப் தட்டு.

"இன்னா சார், இத்த இன்னா பண்றதுன்னே தெரில," என்றாள் சுந்தரவல்லி. "டீச்சரம்மா எட்த்துனு போ, எட்த்துனு போன்னு கையில திணிக்குது. வோணாம்மான்னா அழுவுது. நீ வர்ற வரைக்கும் நின்னுகினு கீறேன்."

அவர் தட்டை வாங்கிக்கொண்டு அவளுக்கு நன்றி சொன்னார். உள்ளே போய் பீரோவைப் பார்த்தார். நடு அடுக்கில் பெரிய இடைவெளி.

"தபீதா, மத்த தட்டெல்லாம் எங்க?"

அவள் முகம் மலர்ந்திருந்தது. வெகுநாளாக அவர் பார்க்காத முகம். "குடுத்துட்டேங்க. வந்து வந்து வாங்கிட்டுப் போறாங்க. பாவம், எவ்வளவு நாளா காத்திருந்தாங்களோ."

"யாரு?"

"தட்டுக்காரங்கதான். கப்பல் கிளம்பறதுக்குள்ள குடுத்துடணும் இல்ல?"

கேட்டுக்கு வெளியே வந்து நின்றவர்களையெல்லாம் தட்டின் சொந்தக்காரர்கள் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பால்காரர், தபால்காரர், முகவரி கேட்டு வந்தவர், கிணற்று மோட்டார் பழுது பார்க்க வந்தவர். சத்தியநாதன் அந்த வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். சிலர் பதறிப்போய் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். மற்றவர்கள் யார் என்று சொல்லத் தபீதாளுக்குத் தெரியவில்லை.

மோட்டார் மெக்கானிக் பக்தவச்சலத்தின் வீடு செம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்தது. போய் விசாரித்தபோது அவன் இல்லை. மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மோரைக் குடித்துக்கொண்டே சத்தியநாதன் சுவரைப் பார்த்தார். சாமி படங்களுக்குக் கீழே பலகையில் டெர்பி தட்டு இருந்தது. நடுவில் இருந்த அந்த ஜப்பான் பூவின் மேல் செம்பருத்திப் பூக்களை வைத்திருந்தார்கள். ஓரத்தில் சந்தனமும் குங்குமமும்.

"டீச்சரம்மா கையால குடுத்ததுங்க," என்றாள் அவள். "எங்க பெரியவனுக்கு அவங்கதான் எழுத்து சொல்லிக்குடுத்தாங்க. அவங்க குடுத்ததை வேற எங்க வைக்கிறதுன்னு இங்க வெச்சோம். அவங்க உடம்பு இப்ப பரவால்லீங்களா?"

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வந்துவிட்டார். தட்டைக் கேட்க வாய் வரவில்லை. ஏரிக்கரையில் நடந்து வரும்போது அவர் மீதே அவருக்குக் கோபம் வந்தது. கேட்காமல் வந்ததற்கா, கேட்கப் போனதற்கா என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்றைக்கு பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பூட்டிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. தபீதாள் பீரோவின் முன்னால் நின்று கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் அவர் வந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்களில் சில நேரம் அவர் யாரென்பதும் அவளுக்குப் பிடிபடுவதில்லை.

"அண்ணா, சாவி யார்கிட்ட இருக்கு? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். வாசல்ல நிக்கிறாங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாரும் நிக்கல, தபீதா."

"நிக்கிறாங்க. பல்லாவரத்து அம்மா நிக்கிறாங்க. அவங்க தாயோட தட்டு, அண்ணா."

அவருக்கு அந்தச் சூப் தட்டுகள் ஞாபகம் இருந்தன. எந்தத் தட்டில் தங்கம் தேய்ந்திருந்தது, எதில் அடியில் மயிரிழைக் கீறல் என்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த அம்மாளின் முகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெற்ற பெண்ணின் பெயரைத் தேடித் தடுமாறுகிற தபீதாளிடம் அந்த முகம் இருந்தது. அந்த வீடுகளில் அழுத ஒவ்வொருத்தியும் அவளிடம் இருந்தாள்.

உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "அவங்கள்லாம் எப்பவோ போயாச்சும்மா. ஊர் போய்ச் சேர்ந்தாச்சு."

தபீதாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தட்டை வாங்காமலேயா போயிட்டாங்க?" என்று கேட்டு, சாவு வீட்டில் அழுவதுபோல அழுதாள். சற்று நேரத்தில் அழுததும் மறந்தது, அவர் சொன்னதும் மறந்தது. மறுபடி பீரோ கைப்பிடியை இழுத்தாள். அவர் திரும்பச் சொன்னால் அவளுக்கு அது புதிய செய்தி. புதிதாகவே அழுதாள். அதன் பிறகு அவர் உண்மை சொல்வதை விட்டுவிட்டார்.

"நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க," என்று பொய் சொன்னார். அதை அவள் நம்பவில்லை. எவ்வளவு மறந்தும், அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்கு மறக்கவில்லை.

ஸ்டீல் தட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்ல, பூத்தட்டு," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் கோடையில் கிருபா நாக்பூரிலிருந்து வந்தாள். இரண்டே நாள்தான் பார்த்தாள். அதற்கு மேல் பொறுக்கமுடியவில்லை.

"அப்பா, இந்தத் தட்டையெல்லாம் வீட்டை விட்டு அனுப்பிடுங்க. கண்ணுல படறதாலதானே கேக்கிறாங்க? படலன்னா மறந்துடுவாங்க."

"மறந்துடுவாளா?"

"என்னையே மறந்துட்டாங்கப்பா. தட்டை மறக்க மாட்டாங்களா?"

மவுண்ட் ரோடுக்குப் பின்னால் பழம்பொருள் கடை வைத்திருந்த ராஜகோபாலுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஒரு வேனில் வந்தார். தபீதாளைக் கிருபா சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்த நேரம். ராஜகோபால் ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் பிடித்தார், கவிழ்த்தார், சுண்டிப் பார்த்தார். பேச்சு முடிந்ததும் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் போட்டுப் பெட்டிகளில் அடுக்கினார்கள்.

"எப்படி சார் மனசு வந்தது?" என்று ராஜகோபால் கேட்டார். "இப்படி ஒரே பேட்டர்ன்ல இவ்வளவு சேர்த்து வெச்சவங்களை நான் மெட்ராஸ்லயே பார்த்ததில்லை."

சத்தியநாதன் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் போன பிறகு முன்னறையில் சிதறிக் கிடந்த வைக்கோலைப் பெருக்கினார்.

கிருபா சொன்னது நடக்கவில்லை. சர்ச்சிலிருந்து வந்த தபீதாள் காலியான பீரோவைப் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே கையை விட்டு ஒவ்வொரு தட்டையும் தடவிப் பார்ப்பதுபோல வெறும் பலகைகளைத் தடவினாள். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"திருட்டுப் போயிடுச்சு," என்றாள். "என்னை நம்பிக் குடுத்தாங்க."

மறுநாள் காலையிலிருந்து அவள் கேட்டருகே நின்றாள். தெருவில் யார் போனாலும் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்க. உங்க தட்டு தொலைஞ்சு போச்சு. நான்தான் சரியா பார்த்துக்கல." சைக்கிளில் போகிற மாணவர்களிடம் சொன்னாள். ஏர் ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போகிற பெண்களிடம் சொன்னாள். புது ஆட்கள் மிரண்டு விலகிப் போனார்கள். விலகிப் போனவர்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வெயிலில் நின்று உதடெல்லாம் வெடித்தது. உள்ளே இழுத்தால் வரமாட்டாள். திரிபுரசுந்தரி வந்து இழுத்தால் அவளையும் கும்பிடுவாள்.

கிருபா ஊருக்குப் போகிறவரை அழுதுகொண்டே இருந்தாள். "தப்பு பண்ணிட்டேம்ப்பா," என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். வேறு எது சரி என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு சத்தியநாதன் ராஜகோபாலின் கடைக்கு ஓடினார். கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ராஜகோபால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"முழு செட்டா ஒரு ஹோட்டல்காரர் எடுத்துட்டார் சார். பம்பாய்க்குப் போயாச்சு. சொல்லியிருந்தீங்கன்னா ஒரு தட்டாவது எடுத்து வெச்சிருப்பேனே."

"ஒண்ணுகூட இல்லையா?"

"வேற இங்கிலீஷ் தட்டு இருக்கு. நீலம் மட்டும் போட்டது. காட்டட்டுமா?"

வேண்டாம் என்று எழுந்தார். செம்பாக்கத்தில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு தட்டு இருந்தது; அதைப் போய்க் கேட்க அவரால் முடியாது. வழியில் மின்சார ரயில் பல்லாவரத்தில் வெகுநேரம் நின்றது. அவர் பிளாட்பாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

அவரால் முடியாததைத் தெரு தானாகக் கற்றுக்கொண்டது. தொடங்கியது சுந்தரவல்லி. ஒருநாள் தபீதாள் கும்பிட்டு அழுதபோது அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தட்டா? அத்தப் போயி யாரு கேட்டா டீச்சரம்மா? வூட்ல வேற கீது. போனா போவுது, நீ உள்ள போ, வெயிலு."

தபீதாள் அவளை உற்றுப் பார்த்தாள். "கோபம் இல்லியே?"

"எனக்கு இன்னா கோவம்? நீ பேஜார் பண்ணிக்காத."

தபீதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அடுத்த ஆள் தெருவில் வருகிற வரைக்கும் நிம்மதியாக இருந்தாள். பால்காரர் அப்படியே சொல்லத் தொடங்கினார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்க வீட்டுல தட்டு நிறைய இருக்கு டீச்சர்," என்றார். திரிபுரசுந்தரி தன் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம்கூட முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ஆனாலும் தெரு என்றால் தெரியாதவர்களும் வருவார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் மிரண்டு போனாலும் அன்றைய நாள் முழுக்கக் கெட்டது.

அப்படியே மழைக்காலம் வந்தது. தபீதாள் மெலிந்துகொண்டே போனாள். டாக்டர் மறுபடி ஒரு டானிக் எழுதினார். சத்தியநாதன் அதையும் வாங்கினார்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவர் கல்லூரியிலிருந்து வந்து கேட்டைத் திறந்தார். தபீதாள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க. உங்க தட்டு எல்லாம் போயிடுச்சு. அழகா இருக்கும். நீலமும் சிவப்பும். நான்தான் காப்பாத்தல."

அவளோடு எத்தனையோ தடவை வேறு வேறு ஆளாகப் பேசியிருந்தார். தட்டின் சொந்தக்காரராக அவள் அவரை எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார்.

"பரவாயில்லம்மா," என்றார். "தட்டுதானே."

"உங்களுக்கு எப்ப கப்பல்?"

"எனக்குக் கப்பல் இல்ல. நான் போகல."

"போகலையா?" அவள் ஆச்சரியத்தோடு அவர் முகத்தைப் பார்த்தாள். "எல்லாரும் போயிட்டாங்களே சார்."

"நான் இங்கதான் இருக்கேன்."

தபீதாள் அதைப் பற்றி யோசிப்பதுபோல இருந்தது. பிறகு, நனைந்து நிற்கிற விருந்தாளியைக் கண்ட வீட்டுக்காரியாக மாறினாள். "உள்ள வாங்க, உட்காருங்க. எங்க வீட்டுக்காரர் காலேஜுக்குப் போயிருக்கார். வர்ற நேரம்தான். அவர் வந்தா உங்களோட நல்லா பேசுவார்."

சத்தியநாதன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, புருஷன் வருகிறாரா என்று தெருவைப் பார்த்தாள். அவ்வப்போது திரும்பி, "இதோ வந்துடுவார்," என்று அவருக்குச் சமாதானம் சொன்னாள். அவர் தலையாட்டினார். அடுப்பில் ஏதும் இல்லை, சோறு வடிக்க வேண்டும், அவளுக்கு மருந்து கொடுக்கும் நேரமும் ஆகிவிட்டது. எழுந்து சமையலறைக்குள் போனால் யாரோ அந்நியன் உள்ளே போகிறான் என்று அவள் பயப்படுவாளோ என்று, இருட்டுகிற வரைக்கும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.